எரிந்த இடமும் எரித்த இடமும்

தானியங்கி கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெய் சிவப்பு. எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் இருக்கவும், வண்டிக்கடியில் சொட்டிக் கிடப்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியவும் அதில் சாயம் கலக்கிறார்கள். வருஷக்கணக்கில் ஓடினால் நிறம் மங்கிப் பழுப்பாகும். அது வயதின் நிறம். டிப்ஸ்டிக்கை உருவியதும் எண்ணெய் கறுத்திருந்து கருகல் வாடையும் அடித்தால் உள்ளே ஏதோ எரிந்திருக்கிறது. பெரும்பாலும் கிளட்ச் தகடுகள். ஆகவே தகடுகளை மாற்றினால் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுவது இயல்பு. இந்த இயந்திரத்தோடு மனிதர்கள் படும் பாட்டில் பாதி அந்த முடிவிலிருந்து தொடங்குகிறது. தகடு எரிந்த இடம். எரித்த இடம் வேறெங்கோ இருக்கிறது, சில சமயம் பெட்டிக்கே வெளியே. வீட்டுக் கராஜில் ஒரு தானியங்கி கியர்பாக்ஸைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறவரின் உண்மையான வேலை அந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள வழியைக் கண்டுபிடிப்பதுதான் என்று நினைக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

நம்மூர் வாசகர்கள் பலர் கிளட்ச் மிதித்து ஓட்டுகிறவர்கள். 2014ல் மாருதி செலெரியோவில் வந்து பரவிய ஏஎம்டி வண்டிகளை ஓட்டியிருப்பவர்களும் உண்டு. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். ஓட்டுநரின் காலும் கையும் செய்ததை ஒரு சிறு இயந்திர அமைப்பு செய்கிறது. நான் பேசுவது வேறொரு சாதி இயந்திரத்தைப் பற்றி. அதன் பிறந்த வீடு நான் வாழும் மிச்சிகன் மாநிலம். ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளர் கியர்கள் கரகரக்காமல் விழுவதற்கான சிங்க்ரோமெஷ் அமைப்பை உருவாக்கி, அது 1928ல் காடிலாக் வண்டிகளில் வந்தது. அடுத்து அவர் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸில் உருவானது ஹைட்ராமேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் கிளட்ச் மிதியே இல்லாமல், முன்னோக்கி 4 வேகங்களோடு அது விற்பனைக்கு வந்தது. போர் வந்ததும் அதே பெட்டி எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளுக்குள் போனது. கியர் மாற்றத் தெரியாத இளைஞனையும் டாங்கி ஓட்ட உட்காரவைக்க முடிந்தது.

தானியங்கி என்றால் சோம்பேறிகளின் வண்டி என்று சொல்கிறவர்களை இந்தியாவிலும் கேட்டிருக்கிறேன், அமெரிக்காவிலும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காலையும் கையையும் இழந்து திரும்பியவர்கள் கார் ஓட்டுவதற்காக ஓல்ட்ஸ்மொபைல் 'வேலியன்ட்' என்று ஒரு திட்டம் நடத்தியது. உடலுக்கேற்ற கட்டுப்பாடுகளைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதன் அடித்தளம் ஹைட்ராமேட்டிக். இடது கால் இல்லாதவனுக்குக் கிளட்ச் மிதி ஒரு சுவர். அந்தச் சுவரை இடித்த இயந்திரத்தை நான் மரியாதையோடுதான் திறக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது? முதலில் கண்ணில் படுவது கோள் பற்சக்கரங்கள். நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சட்டத்தில் பூட்டிய மூன்று நான்கு கோள் சக்கரங்கள், அவற்றை வெளியே அணைத்தபடி உட்புறம் பல் வெட்டிய வளையம். மூன்றில் ஒன்றை அசையாமல் பிடித்து இன்னொன்றைச் சுழற்றினால் மூன்றாவது ஒரு வேகத்தில் சுழலும். பிடிப்பதை மாற்றினால் வேகம் மாறும், திசைகூட மாறும். ஹோவர்ட் சிம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பில் இரண்டு கோள் தொகுதிகள் ஒரே சூரியச் சக்கரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதிலிருந்து 3 முன் வேகங்களும் ஒரு ரிவர்ஸும் கிடைக்கின்றன. கிறைஸ்லரின் டார்க்ஃப்ளைட், ஃபோர்டின் சி4, ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 350 என்று அமெரிக்கச் சாலைகளில் தலைமுறைக்கணக்கில் ஓடிய பெட்டிகள் இந்த அமைப்பின் மேல் கட்டப்பட்டவை. பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். எதுவும் நகர்ந்து போய் இன்னொன்றில் மாட்டுவதில்லை. எதைப் பிடிப்பது, எதை விடுவது: கியர் என்பது இங்கே அவ்வளவுதான்.

பிடிப்பது கிளட்ச். இரும்புத் தகடும் உராய்வுத் தகடும் மாறி மாறி அடுக்கிய கட்டு. பின்னால் ஒரு பிஸ்டன். எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளினால் கட்டு இறுகும். அந்த உராய்வுத் தகட்டின் மேல் ஒட்டியிருப்பது காகிதம். உருவகமாகச் சொல்லவில்லை, தாவர நாரிலிருந்து காகித ஆலை முறையிலேயே செய்து, பிசினில் ஊறவைத்துச் சுட்டு, எஃகுத் தகட்டில் ஒட்டுகிறார்கள். ஒன்றரை டன் வண்டியைச் சிவப்பு லைட்டிலிருந்து கிளப்பிச் செல்லும் விசை எண்ணெயில் நனைந்த காகிதத்தின் வழியாகப் போகிறது. முதன்முதலாக இதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும். ஆனால் அழுத்தம் முழுதாக இருந்து, இறுகும் நேரம் குறைவாக இருந்தால் அந்தக் காகிதம் 2 லட்சம் கிலோமீட்டரும் தாங்கும். அழுத்தம் சற்றே குறைந்தால் இறுகும்போது வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் கருகல். சில தடவைகள் போதும்.

ஆக, காகிதத்தின் விதி அழுத்தத்தின் கையில் இருக்கிறது. அழுத்தம் எங்கிருந்து வருகிறது, யார் அதைப் பங்கிடுகிறார்கள் என்பதில்தான் இந்த இயந்திரத்தின் அழகு. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய பெட்டிகளில் முடிவெடுப்பது எண்ணெயேதான். டர்போ 350ஐ எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் கவர்னர் என்ற சிறு கருவி வெளியேறும் தண்டால் சுழலும். வேகம் கூடக்கூட அதன் எடைகள் விரிந்து ஒரு பக்கத்து அழுத்தத்தைக் கூட்டும். மறுபக்கம் மாடுலேட்டர். எஞ்சினின் வெற்றிடத்தை ஒரு ரப்பர் குழாய் வழியே உணர்ந்து, ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பதற்கேற்ப இன்னொரு அழுத்தத்தை அது அனுப்பும். விரல் பருமன்கூட இல்லாத ஒரு வால்வு நடுவே நிற்கிறது. ஒரு முனையில் வேகம், மறுமுனையில் சுமையும் ஒரு ஸ்பிரிங்கும். வேகம் வெல்லும்போது வால்வு நகர்ந்து எண்ணெய்க்குப் புதிய வழி திறக்கும். வண்டி அடுத்த கியருக்குப் போகும். மெதுவாக மிதித்தால் சீக்கிரம் மாறுவதும், அழுத்தி மிதித்தால் இழுத்துக்கொண்டு போய் மாறுவதும் இதனால்தான். இந்த வால்வுகள் உட்காரும் உலோகக் கட்டையான வால்வு பாடியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் கறையான் அரித்த பலகையாகத் தெரியும், அத்தனை வளைவுகள், முட்டுச்சந்துகள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தத் தடங்களில் 4 சிறு எஃகுக் குண்டுகள் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் ஒரு திசையில் தாராளமாகவும் மறுதிசையில் தயங்கியும் போவதற்காக. ஒரு குண்டு இடம் மாறினால் ஒரு கியர் உதைக்கும் அல்லது வழுக்கும். காகிதத்தில் ஓர் எழுத்துக்கூட எழுதாமல் எண்ணெயை வைத்து இப்படி யோசிக்க முடியும் என்று கண்டவர்களை நினைத்தால் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது, மனிதர்களில் ஒருவனாக.

நண்பர் ஒருவரின் 1974 செவர்லே நோவாவின் பெட்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். டர்போ 350. முதல் கியர், இரண்டாம் கியர் சுத்தம். மூன்றாவதற்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் உறுமி மேலேறும், வண்டி பின்னால் தயங்கி நிற்கும், பிறகு பிடிக்கும். ரிவர்ஸ் போட்டால் ஒரு மூச்சு தாமதம். எண்ணெயில் கருகல் வாடை.

இறக்குவதற்கு முன் மேசையில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் பிடிக்கிறது என்ற அட்டவணை எல்லாச் சர்வீஸ் புத்தகங்களிலும் இருக்கும். டர்போ 350ல் ஃபார்வர்ட் கிளட்ச் எல்லா முன் கியர்களிலும் பிடிக்கிறது. இன்டர்மீடியட் கிளட்ச் இரண்டாவதில் வேலைக்கு வருகிறது. டைரக்ட் கிளட்ச் மூன்றாவதிலும் ரிவர்ஸிலும். லோ-ரிவர்ஸ் கிளட்ச் ரிவர்ஸிலும், கைப்பிடியை 'எல்'லில் வைத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும்போதும். நோவாவில் மூன்றும் ரிவர்ஸும்தான் நோய். 'எல்'லில் வைத்துக் காலை எடுத்தால் வண்டி நன்றாக அடங்கியது. ஆகவே லோ-ரிவர்ஸ் குற்றவாளி இல்லை. மிஞ்சியது டைரக்ட். ரிவர்ஸில் பெட்டி தானே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே வெறும் தாமதம். மூன்றாவதில் அந்தச் சலுகை இல்லாததால் வழுக்கல். ஒரு போல்ட்டையும் தொடாமல் இவ்வளவு தூரம் வந்துவிடலாம். இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. முழு வேலையிலும் இதுதான் மிகச் சுவையான நேரம்.

பெட்டியை இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50 கிலோவுக்கு மேல் கனம். ஸ்டாண்டுகளில் வண்டியைத் திடமாக நிறுத்தாமல், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. கழற்றிய பெட்டியை முழுதாகக் கழுவிவிட்டுத்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் வெளியழுக்கின் ஒரு மணல் உள்ளே ஒரு வால்வை நிறுத்திவிடும். அதே காரணத்தால் பிசிர் விடும் பழந்துணியும் மேசைக்கு ஆகாது.

திறந்ததும் முதலில் தெரிந்தது, எங்களுக்கு முன் யாரோ திறந்திருக்கிறார்கள். கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் நீல சிலிகான். ஒரு விளிம்பில் ஸ்குரூடிரைவர் நெம்பிய தழும்பு. ஃபார்வர்ட் கிளட்சின் தகடுகள் பழுத்த நிறத்தில், வண்டியின் வயதுக்கு ஏற்றபடி. டைரக்ட் கிளட்சின் தகடுகளோ வேறு தயாரிப்பு. எரிந்திருந்தாலும் விளிம்புகளைப் பார்த்தால் புதியவை என்று தெரிந்தது. அதாவது டைரக்ட் முன்பும் ஒருமுறை எரிந்திருக்கிறது. யாரோ தகடுகளை மாற்றியிருக்கிறார்கள். அதே இடத்தில் மறுபடி எரிந்திருக்கிறது.

தகடுகள் உட்காரும் டிரம், எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்கும் பம்பின் கழுத்தின் மேல் சுழல்கிறது. பம்ப் அசையாது, டிரம் சுழலும். நிற்கும் உலோகத்திலிருந்து சுழலும் உலோகத்துக்கு எண்ணெய் தாவிப் போக வேண்டும். அந்தத் தாவலில் சிந்தாமலிருக்கக் கழுத்தில் வளையங்கள். அவற்றை மாற்ற நிமிஷங்கள் போதும், முன்னவரும் மாற்றியிருந்தார். ஆனால் வளையம் உராயும் டிரம்மின் உட்சுவரில் நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது: வரி வரியாகத் தேய்ந்த தடங்கள். டிரம்மைப் பம்பின் மேல் வைத்து, டைரக்டுக்கு எண்ணெய் போகும் துளையில் கம்ப்ரெசர் காற்றைச் செலுத்தினோம். நல்ல நிலையில் பிஸ்டன் ஒரு அடி அடித்து நிற்கும், அங்கங்கே மெல்லிய சீறல் மட்டும் இருக்கும். இங்கே கழுத்தைச் சுற்றிக் காற்று கொட்டியது. மூன்றாவது கியரில் அந்த வழியாகத்தான் எண்ணெய் கொட்டிக்கொண்டிருந்தது, ஆண்டுக்கணக்கில். புதுத் தகடுகளை அடுக்கி அழகாகக் கட்டியிருந்தால் மூன்றாம் முறையும் எரிந்திருக்கும்.

டிரம் புதிதாக எளிதில் கிடைக்கும் பொருளல்ல. நம்மூர்க் காயலான் கடைகளுக்கு நிகராக அமெரிக்காவில் ஜங்க்யார்டுகள் உண்டு, ஏக்கர்கணக்கில் வரிசையாக நிறுத்திய செத்த வண்டிகள். அங்கே ஒரு பெட்டியிலிருந்து உட்சுவர் கண்ணாடியாக இருந்த டிரம் கிடைத்தது. காற்று கொடுத்ததும் 'டொக்' என்று ஒரே அடி. அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

எரித்த இடத்திலிருந்து எரிந்த இடம்வரை போகும் இந்தச் சங்கிலி எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெப்பத்தில் வெந்து இறுகிய பிஸ்டன் சீல் ஒரு காரணம். காலைக் குளிரில் கியர் விழத் தாமதித்து, சூடேறியதும் சரியாகிற வண்டிகளில் பெரும்பாலும் அதுதான். சூட்டில் ரப்பர் கொஞ்சம் இளகி அடைத்துக்கொள்கிறது. மாடுலேட்டருக்கு வரும் வெற்றிடக் குழாய் விண்டால் பெட்டி எப்போதும் முழுச் சுமை என்றே எண்ணி, கடுமையாகவும் தாமதமாகவும் கியர் மாற்றும். மாடுலேட்டரின் சவ்வே கிழிந்தால் எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கும். புகைபோக்கியில் வெள்ளைப் புகை, பெட்டியில் எண்ணெய்க் குறைவு, பிறகு எரிந்த கிளட்ச். எல்லாவற்றிலும் கொடியது ரேடியேட்டர். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளே ஓடுகிறது. அது உள்ளே துருவேறி ஓட்டையானால் கூலன்ட் எண்ணெயில் கலக்கும். வெளிர்சிவப்பு நுரையாக வரும் அந்தக் கலவையை இங்குள்ள மெக்கானிக்குகள் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் என்கிறார்கள். காகிதத்தைத் தகட்டில் ஒட்டியிருக்கும் பசையை அது கரைக்கிறது. கட்டி முடித்த பெட்டியை ஓட்டை ரேடியேட்டரோடு சேர்த்துவிட்டால் எல்லா உழைப்பும் வீண். பழைய குளிர்விப்பானில் தங்கிய உலோகத்தூள்களும் அப்படித்தான். முதல் நாளே புதுப் பெட்டிக்குள் வந்து சேரும். எஞ்சினின் விசையை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் அதே தூளைச் சேமித்து வைத்திருக்கும். வெல்டிங் செய்து மூடிய அதை வீட்டில் திறந்து கழுவ வழியில்லை; புதுப்பித்த ஒன்றை வாங்கியே ஆக வேண்டும்.

எரிந்த இடம், எரித்த இடம் என்று யோசிக்கும்போது எனக்கு லிவோனியா நினைவுக்கு வரும். டெட்ராய்ட்டுக்கு அருகிலுள்ள ஊர். ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை அங்கே இருந்தது. 1953 ஆகஸ்ட் 12 அன்று ஒரு கட்டிங் டார்ச்சின் பொறி கன்வேயருக்கு அடியிலிருந்த எண்ணெய்த் தட்டில் விழுந்தது. அவ்வளவு பெரிய ஆலை அன்றே அழிந்தது, உயிர்களும் போயின. பொறியைக் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆலைகளில் பொறி தினம் விழுகிறது. ஏக்கர்கணக்கில் விரிந்த ஒரே கூரை, நடுவில் தீத்தடுப்புச் சுவர் இல்லை. கூரைத் தகட்டின் மேலிருந்த தார் உருகி உள்ளே சொட்டி, சொட்டிய இடமெல்லாம் எரிந்தது. கட்டடத்துக்குள்ளிருந்த அந்தப் பாதையைத்தான் பிறகு தீப்பாதுகாப்பு வல்லுநர்கள் படித்தார்கள். ஆலைக் கூரைகளுக்கான விதிகள் அதிலிருந்து மாறின. ஜெனரல் மோட்டார்ஸ் போர்க்காலத்தில் ஃபோர்ட் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் கட்டிய வில்லோ ரன் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்து சில மாதங்களில் பெட்டிகளைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் காடிலாக்குகள் ப்யூக்கின் டைனாஃப்ளோ பெட்டியோடு விற்பனையாயின.

எண்ணெயின் கதையும் நீளமானது. ஒரே திரவம் அழுத்தத்தைச் சுமக்க வேண்டும், உயவு தர வேண்டும், சூட்டை எடுத்துப்போக வேண்டும். நான்காவது வேலைதான் கடினம்: காகிதம் எஃகைக் கவ்வும்போது உதறாமல், வழுக்கிக்கொண்டும் இராமல், சரியான மென்மையோடு கவ்வச் செய்வது. பல ஆண்டுகள் அந்த மென்மையைக் கொடுத்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970ல் அந்தத் திமிங்கிலம் அமெரிக்காவின் அழிவபாயப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு வேறு சேர்மானங்களைத் தேட வேண்டியதாயிற்று. ஒரு செவர்லே நெடுஞ்சாலையில் மெல்லக் கியர் மாற்றியதற்குப் பின்னால் கடலில் ஒரு சாவு இருந்தது என்பதை அறிந்த நாளிலிருந்து டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் நான் எண்ணெய் ஊற்றுவதில்லை.

முன்னால் கட்டியவர் தகட்டோடு நிறுத்திக்கொண்டார் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மெக்கானிக்குகள் பலருக்குச் சம்பளம் ஃபிளாட் ரேட் முறையில். ஒரு வேலைக்குப் புத்தகத்தில் இத்தனை மணி என்று போட்டிருக்கும். நீங்கள் இரட்டிப்பு நேரம் எடுத்தாலும் கூலி அந்த மணிகளுக்குத்தான். டிரம்மின் உட்சுவரில் நகத்தை ஓட்டி யோசிப்பதற்கு அதில் வரி இல்லை. பல கடைகள் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டன. பழையதை அனுப்பிவிட்டு, தொழிற்சாலையில் புதுப்பித்து வரும் இன்னொன்றை மாட்டுகிறார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அது நியாயம். ஆனால் ஏன் எரிந்தது என்ற கேள்வி அந்த வண்டியோடு தொடர்பற்றுப் போய்விடுகிறது. பெட்டி ஓர் ஊருக்குப் போகிறது, ஓட்டை ரேடியேட்டர் வண்டியிலேயே தங்குகிறது. வீட்டில் கட்டுகிறவரிடம் கடைக்காரரிடம் இல்லாத கருவி எதுவும் கிடையாது. நேரம் இருக்கிறது, வண்டி கண்ணெதிரே நிற்கிறது. நோயையும் நோயாளியையும் ஒன்றாகப் பார்க்க முடிகிறது. பணம் மிச்சம் என்பதைவிட இதுவே வீட்டில் செய்வதற்குப் பெரிய நியாயம் என்பது என் எண்ணம்.

கட்டும் வேலைக்கு அதிசயமான ஆயுதங்கள் தேவையில்லை. ஸ்னாப் ரிங் பிளையர், ஃபீலர் கேஜ், டயல் கேஜ், சின்ன முறுக்குகளை அளக்கும் டார்க் ரெஞ்ச், காற்றுக்கு ஒரு கம்ப்ரெசர். கிளட்ச் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைத் திருகுக் கம்பியும் இரும்புப் பட்டையும் வைத்து நாமே செய்துகொள்ளலாம். முக்கியமான ஒரு பொருள் மருந்துக்கடையில் கிடைக்கிறது: வாஸலின். எஃகுக் குண்டுகளும் வாஷர்களும் கட்டும்போது விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க அதைத்தான் தடவுகிறோம், அது சூடான எண்ணெயில் கரைந்து மறைந்துவிடும். கிரீஸ் கரையாது, நுண்துளையில் போய் அடைத்துக்கொள்ளும். புதுத் தகடுகளை எண்ணெயில் ஊறப்போட வேண்டும். காய்ந்த காகிதம் முதல் கவ்விலேயே கருகும். சீலின் மெல்லிய உதடு மடங்காமல் டிரம்முக்குள் இறங்க, விளிம்பைச் சுற்றி மெல்லிய ஃபீலர் தகட்டால் தடவித் தடவி இறக்க வேண்டும். அவசரமாகத் தட்டினால் உதடு கண்ணுக்குத் தெரியாமல் கிழியும், அந்தக் கிழிசல் இன்னொரு எரிந்த கிளட்சுக்கு விதை.

அடுக்கிய கட்டில் இடைவெளி அளப்பது என்னை மிகவும் கவரும் வேலை. ஓர் உராய்வுத் தகட்டுக்குச் சுமார் 0.25 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. குறைந்தால் விடுபட்ட நிலையிலும் உரசிக்கொண்டே இருக்கும். கூடினால் பிஸ்டன் நெடுந்தூரம் வந்து தாமதமாகப் பிடிக்கும். கனம் கூடிய அல்லது குறைந்த தகடுகளை மாற்றிப் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மறுபடி காற்று. மூடுவதற்கு முன் ஒவ்வொரு கிளட்சுக்கும் உரிய துளையில் காற்றைக் கொடுத்து ஒவ்வொன்றின் அடியையும் கேட்க வேண்டும். எஞ்சினோடு சேர்த்த பிறகு எதையும் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது.

கன்வெர்ட்டரை மாட்டும்போது அது படிப்படியாக, மூன்று முறை உள்ளே இறங்கி அமர வேண்டும். கடைசி இறக்கத்தில் அதன் கழுத்து பம்பின் பற்களில் கோக்கிறது. அது நடக்காமலே பெட்டியை எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கினால் பம்ப் உடையும். வாரக்கணக்கான வேலையை ஒரே நொடியில் இழந்தவர்கள் பலர் இழந்தது இந்த இடத்தில்தான். சுற்றிப் பார்த்து, இடைவெளியைக் கையால் உணர்ந்து, கன்வெர்ட்டர் தளர்வாகச் சுழல்வதை உறுதிசெய்த பிறகே இறுக்க வேண்டும். இதைப் புதிதாகச் செய்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இன்றைய பெட்டிகளில் 8 வேகங்கள், 10 வேகங்கள் வந்துவிட்டன. முடிவெடுப்பது கம்ப்யூட்டர், கவர்னர் மறைந்துபோயிற்று. அங்கே வால்வு பாடி மாற்றினால் அதைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தவே தனி மென்பொருள் தேவைப்படுவது உண்டு. பழுதறியும் தகவல் யாருக்குச் சொந்தம் என்று மாசசூசெட்ஸில் 2012ல் வாக்கெடுப்பு நடந்து கார்களுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் வந்ததும், 2020ல் மறுபடி வாக்கெடுப்பு நடத்தி அதை விரிவாக்கியதும் இதனோடு சேர்ந்த கதைகள். அந்தப் போராட்டத்தின் பக்கம் நான் முழுதாக நிற்கிறேன். காரணத்தைத் தேடும் உரிமை பூட்டப்பட்டால் எரிந்ததை மாற்றுவது மட்டுமே மிஞ்சும்.

தொடங்க நினைப்பவர்கள் டர்போ 350லேயே தொடங்கலாம். ரான் செஷன்ஸ் அதற்கென்றே எழுதிய கையேடு இருக்கிறது. மயாமியிலுள்ள ஏடிஎஸ்ஜி அமைப்பு பெட்டிவாரியாக வெளியிடும் தொழில்நுட்பப் புத்தகங்களும் இருக்கின்றன. புத்தகம் முதலில், உதிரிப்பாகக் கிட் பிறகு. எது கெட்டது என்று தெரியுமுன் வாங்கிய கிட், முடிவைத் தானே எடுத்துவிடும்.

நோவா இப்போது ஓடுகிறது. சில நூறு மைல்கள் ஓடிய பிறகு அடித்தட்டின் 13 போல்ட்டுகளையும் கழற்றி இறக்கிப் பார்த்தோம். கறுப்புச் செதில் இருந்தால் காகிதம் உரிகிறது. பித்தளை மினுக்கம் இருந்தால் புஷ் தேய்கிறது. பளபளக்கும் எஃகுச் சில் இருந்தால் ஏதோ உடைந்திருக்கிறது. மெல்லிய சாம்பல் நிறக் குழைவு மட்டும் படிந்திருந்தது, புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது வருவது. துடைத்து, புது ஃபில்டர் போட்டு மூடினோம். எங்களுக்கு முன் திறந்தவர் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. தழும்புகளையும் சிலிகானையும் பார்த்து நாங்கள் ஊகிக்க வேண்டியிருந்தது. அடுத்து திறப்பவருக்கு அந்த வேலை வேண்டாமென்று சர்வீஸ் புத்தகத்தின் பின்னட்டைக்குள் நண்பர் ஒரு தாளை ஒட்டினார். டைரக்ட் டிரம் மாற்றியது, வேறொரு பெட்டியிலிருந்து எடுத்த பழைய பொருள். முந்தையதன் உட்சுவரில் வளையத் தடம், காற்றுக் கசிவு, இரண்டு முறை எரிந்ததற்குக் காரணம் இதுவே. எல்லா சீல்களும் புதியவை. கன்வெர்ட்டர் புதுப்பித்தது. குளிர்விப்பான் குழாய்கள் கழுவியவை, ரேடியேட்டர் சோதித்தது, கசிவில்லை. கீழே ஒவ்வொரு கிளட்சின் இடைவெளியும் மில்லிமீட்டரில்.